இயல்பு அளவு: ஆண், பெண்

வேலந்தாவளம் சோதனைச் சாவடிக்கு
நானூறு அடி கிழக்கே எங்கள் ஆய்வுக்கூடம்.
நானூறு அடி மேற்கே கள்ளுக்கடை.
நடுவில் மட்டை ஏற்றிய லாரிகள்
சீட்டுக்குக் காத்து நிற்கின்றன.

காலை ஏழு மணிக்கு ஊசியைப் பிரிக்கிறேன்.
நரம்பு பிடிபடாத கையைத் தொட்டாலே
எத்தனை வருசத்துக் குடி என்று சொல்லிவிடுவேன்.
பெரும்பாலும் ஆண்கள்.
நாற்பத்தொன்று, முப்பத்தெட்டு,
ஒருவனுக்கு இருபத்தொன்பதுதான்.
கண் மஞ்சளாகி, கால் வீங்கி,
வயிறு மட்டும் நிறைமாதமாய்.
ஒரு வருசம் கழித்து என் பதிவேட்டைப் புரட்டினால்
திரும்பி வராத பெயர்களில்
பத்துக்கு ஒன்பது அவர்கள்தான்.
மறுக்கவில்லை.

பெண்கள் வருவது வேறு கணக்கு.
மணிக்கட்டு. தாடை. ஒருமுறை காது.
"வாசப்படியில வழுக்கிட்டனுங்க."
குடிக்காமலே குடியால் உடைந்ததை எழுத
என் தாளில் கட்டம் கிடையாது.
எக்ஸ்ரே அறை எதிர்ப்பக்கம் என்று
கை காட்டுகிறேன்.

மயிலாத்தாள் இரண்டிலும் சேரவில்லை.

நார் மில்லில் பன்னிரண்டு மணிநேரம்.
தொண்டையில் படிந்த துகளைக் கழுவ
முதலில் புருசன் மிச்சம் வைத்தது.
அப்புறம் அவளுக்கென்று தனியாக,
இருட்டியதும் சாவடி தாண்டி வரும்
பால் கேனில்.
ஏழு வருசம்.
ஒருநாளும் தள்ளாடவில்லை,
ஒருநாளும் வேலைக்குப் போகாமல் இருந்ததில்லை.

நாச்சிமுத்து உட்காரும் முன்பே
மருத்துவர் கேட்டுவிட்டார்: "எவ்வளவுய்யா குடிப்பே?"
மயிலாத்தாளை மூன்று தடவை பார்த்தார்.
மாதவிலக்கைக் கேட்டார்.
இரும்புச்சத்து மாத்திரை எழுதினார்.
பெண்பிள்ளையிடம் அதைக் கேட்பது
மரியாதையில்லை என்று நினைத்திருப்பார்.
அவளும் சொல்லவில்லை.
அவனுக்கு அது கெட்ட பழக்கம்.
அவளுக்குக் கெட்ட பெயர்.

ஊசியை உருவியதும்
பஞ்சை அமுக்கிக்கொண்டு என்னிடம் மட்டும் கேட்டாள்:
"அக்கா, ரத்தத்துல வாசம் வருமா?"

வராது என்றேன்.
குழாயில் மீந்த ரத்தத்தில்
யாரும் எழுதித்தராத ஒரு சோதனையைப் போட்டேன்.
காமா ஜி.டி. அறுநூற்றுப் பன்னிரண்டு.

தாளில் அச்சடித்தே இருக்கிறது:
ஆணுக்கு அறுபது வரை, பெண்ணுக்கு நாற்பது வரை.
அச்சகத்துக்காரனுக்கு இரண்டு அளவு தெரியும்.
கடைக்காரனிடம் ஒரே கோப்பைதான்.
நாற்பத்திரண்டு கிலோ உடம்பு,
அதிலும் தண்ணீர் கம்மி;
அதே கோப்பை அவளுக்குள் கெட்டியாய் இறங்கியிருக்கிறது.
இருபத்திரண்டு வருசமாய் அவன் நடக்கிற பாதையை
ஏழே வருசத்தில்
ஓடி முடிக்கப் போகிறாள்.

இதை யாரிடம் கொடுப்பது?
கேட்காத கேள்விக்கு விடை.
அடுத்த முறை வரட்டும் என்று
மேசை இழுப்பறையில் போட்டுவைத்தேன்.

பதினோரு நாள் கழித்து அவன்தான் வந்தான்.
தலை மழித்திருந்தான்.
"காமாலைன்னு எழுதிட்டாங்க.
மில்லுல பணம் வாங்கோணும்,
அவ சீட்டு ஏதாச்சும் இருக்குதுங்களா?"
இழுப்பறையைத் திறக்காமலே
தேடிப் பார்க்கிறேன் என்றேன்.

போகவில்லை. சட்டைக் கையைச் சுருட்டி நீட்டினான்.
"எனக்கும் ஒண்ணு பாத்துருங்க."

எழுபத்தொன்று.
கொஞ்சம்தான் கூட என்றேன்.
பெஞ்சில் உட்கார்ந்து
அந்த எண்ணையே வெகுநேரம் பார்த்தான்.
"அப்ப நான் குடிச்சதெல்லாம்
எங்கீங்க போச்சு?"

வெளியே ஒரு லாரி
ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

இப்போதெல்லாம் நானே கேட்கிறேன்.
வயசு, சாப்பிட்டு எவ்வளவு நேரம், பிறகு அது.
ஒருத்தி சிரித்தாள்.
ஒருத்தி என் குடும்பத்தையே இழுத்துத் திட்டினாள்,
சாவடிவரை கேட்டிருக்கும்.
நேற்று வந்தவள்
பதில் சொல்லவில்லை.
எழுந்துபோய்க்
கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.